எழுத்துருவைக் கையோடு கொடுத்தனுப்புவது எப்படி?

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒரு பெரியவருக்கு இணையப் பக்கம் செய்துகொடுத்தேன். பாட்டில் லேபிளில் இருக்கும் அதே வடிவ எழுத்துதான் பக்கத்திலும் வர வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. லேபிள் வடிவமைத்தவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டேன், கோப்பை வாங்கி என் மடிக்கணினியில் நிறுவினேன், ஸ்டைல்ஷீட்டில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பில், அதன் பெயரை எழுதினேன். நாகர்கோவிலில் என் மேசையில் பக்கம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் கடைக்குப் போனபோது அவர் தம் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு, “மக்களே, நேற்று நீ படம் எடுத்து அனுப்பிய எழுத்து இது இல்லையே” என்றார்.

இல்லைதான். அவர் கைபேசியில் வந்தது ஆண்ட்ராய்டின் வழக்கமான தமிழ் எழுத்து. நான் பெயரை மட்டும் எழுதியிருந்தேன், எழுத்தை அனுப்பவில்லை. இணையப் பக்கம் செய்யத் தொடங்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுக்கி விழுகிறார்கள். அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா பிள்ளையை வடசேரிச் சந்தைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “மட்டிப்பழம் வாங்கிவா. மட்டி இல்லாவிட்டால் ரசகதலி. அதுவும் இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பழம்.” ஸ்டைல்ஷீட்டில் ஃபான்ட்-ஃபேமிலி என்று தொடங்கும் வரி சொல்வதும் இதைத்தான். முதலில் எழுதிய எழுத்துரு பக்கத்தைத் திறப்பவரின் கருவியில் இருந்தால் பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அடுத்த பெயர், அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. கடைசியில் சான்ஸ்-செரிஃப் என்று பொதுவாக ஒரு சொல்லை எழுதி முடிப்பது வழக்கம். அதுதான் ‘ஏதாவது ஒரு பழம்’.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சந்தையிலும் வேறு வேறு பழம் இருக்கிறது. விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலம் லதா இருந்தது. விண்டோஸ் 8 முதல் அந்த இடத்துக்கு நிர்மலா யூஐ வந்தது. ஆப்பிள் கணினியில் இணைமதியைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ. எல்லாக் கருவிகளிலும் பொதுவாக இருக்கும் தமிழ் எழுத்துரு என்று ஒன்றும் கிடையாது. அப்படியானால் வழி ஒன்றுதான்: சந்தையை நம்பாமல், பழத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்பிவிட வேண்டும்.

அதற்கான விதியின் பெயர் ஃபான்ட்-ஃபேஸ். இது புதிய சரக்கு இல்லை. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 இதைத் தனக்கே உரிய கோப்பு வகையோடு கொண்டுவந்தது. 1998-இல் வெளியான, ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பிலும் இடம்பெற்றது. ஆனால் மற்ற பிரவுசர்கள் அந்த வழியில் வராததால் அடுத்த திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். 2008-இல் சஃபாரியும் 2009-இல் ஃபயர்ஃபாக்ஸும் சாதாரண எழுத்துருக் கோப்புகளையே ஏற்கத் தொடங்கிய பிறகுதான் அது உயிர்பெற்றது. பழைய தமிழ்ச் செய்தித்தளங்கள் பலவற்றின் தலைப்பில் ‘எழுத்துருவைப் பதிவிறக்க இங்கே சொடுக்கவும்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

விதியை எழுதும் முறைக்கு வருவோம். ஸ்டைல்ஷீட் கோப்பின் உச்சியில் ‘அட்’ குறி (@) போட்டு, ஒட்டியே ஃபான்ட்-ஃபேஸ் என்று எழுதி நெளிவு அடைப்பைத் திறக்கிறோம். (கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலியை மட்டும் தருகிறேன்.) உள்ளே முதல் வரி ஃபான்ட்-ஃபேமிலி. இங்கே எழுதும் பெயர் நாம் வைப்பதுதான். எழுத்துருவின் உண்மைப் பெயராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ஸ்டைல்ஷீட் சேமிக்கப்பட்டிருந்தால் மேற்கோள் குறிக்குள் “தேன்கூடு” என்று தமிழிலேயே வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்தேன். அடுத்த வரி எஸ்ஆர்சி. அதில் யூஆர்எல் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் கோப்பு இருக்கும் இடத்தையும், பக்கத்திலேயே ஃபார்மட் என்று கோப்பின் வகையையும் சொல்கிறோம். மூன்றாவது ஃபான்ட்-வெயிட், அதாவது எழுத்தின் தடிமன். நான்காவது ஃபான்ட்-டிஸ்ப்ளே. அதைப் பின்னால் பார்க்கலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி, கடைசியில் நெளிவு அடைப்பை மூடுவது. அவ்வளவுதான் விதி.

இந்த விதி மட்டும் இருந்தால் பக்கத்தில் ஒன்றும் மாறாது. பழத்தைப் பையில் போட்டிருக்கிறோம், யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை. பாடி என்ற உறுப்புக்கோ தலைப்புகளுக்கோ உரிய இடத்தில் ஃபான்ட்-ஃபேமிலி வரியில் “தேன்கூடு” என்று முதலிலும், மாற்று எழுத்துருக்களைப் பின்னாலும் எழுத வேண்டும். கொடுத்தனுப்பினாலும் மாற்றுப் பெயர்கள் தேவைதான். பை வழியில் தொலையலாம்.

கோப்பு வகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வொஃப்2 ஒன்றே போதும். எழுத்துருவை இணையத்துக்கென்று சுருக்கிக் கட்டும் வொஃப் வகை 2012-இல் தரமாக அறிவிக்கப்பட்டது, வொஃப்2 2018-இல். இரண்டாவது, முதலாவதைவிடச் சராசரியாக ஏறத்தாழ 30 சதவீதம் சிறியது. இன்று புழக்கத்தில் உள்ள பிரவுசர்கள் எல்லாம் அதைப் படிக்கும். பழைய பாடங்களில் ஒரே எழுத்துருவுக்கு நான்கைந்து வகைக் கோப்புகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசையை இன்னும் நகலெடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கோப்பின் இடத்தைச் சொல்வதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே எழுதும் பாதை ஸ்டைல்ஷீட் இருக்கும் இடத்திலிருந்து எண்ணப்படுகிறது, பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. ஸ்டைல்ஷீட் ஒரு கோப்புறையிலும் எழுத்துரு வேறொரு கோப்புறையிலும் இருந்தால், இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு முதலில் ஒரு படி மேலே ஏற வேண்டும். இன்னொன்று எனக்கே நேர்ந்தது. கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து, ஸ்டைல்ஷீட்டில் சின்ன எழுத்து. விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. சர்வரில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்புகள். மேசையில் வந்த எழுத்து சர்வரில் வரவில்லை. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகுதான் அந்த ஒற்றை எழுத்து கண்ணில் பட்டது. அன்றிலிருந்து கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே, இடைவெளி இல்லாமல் வைக்கிறேன்.

எழுத்துரு வந்ததா வரவில்லையா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். குரோமில் பக்கத்தின் மேல் வலது சொடுக்கு செய்து ‘இன்ஸ்பெக்ட்’ திறந்தால், ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடியில் அந்த வரிக்கு உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்று பெயரோடு எழுதியிருக்கும். ‘நெட்வொர்க்’ பகுதியில் கோப்புக்கு நேராக 404 என்று இருந்தால் பாதை தவறு.

இனித் தமிழுக்கே உரிய வம்புகள். ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இவை இருப்பதில்லை.

முதலாவது பாமினி என்ற பழைய எழுத்துருவும் அதன் வகையறாவும். நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடைகளில் அழகழகான தமிழ் எழுத்துருக்கள் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து இணையத்தில் போடலாம் என்று ஆசை வரும். அவற்றில் பல யூனிகோடுக்கு முந்தைய வழியில் செய்யப்பட்டவை. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் ‘தமிழ்’ என்று தெரியும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில உளறல். இப்படிப்பட்ட கோப்பைக் கொடுத்தனுப்பினால், யூனிகோடில் எழுதிய நம் தமிழ் வரிகள் அதில் இடமில்லாமல் வேறு எழுத்துருவுக்குப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் ஆங்கிலத் தொலைபேசி வரியோ புரியாத தமிழாக மாறி நிற்கும். உரையையே பாமினி முறைக்கு மாற்றிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். ‘மார்த்தாண்டம் தேன்’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதைக் கண்டு திகைத்து நிற்கும்.

இரண்டாவது, எழுத்துகள் சேரும் விதம். தமிழில் 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்தோம். யூனிகோடில் அத்தனைக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிர்கள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்குத்தான் எண் உண்டு. ‘தேன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சேமிப்பில் அது த, அடுத்து ஏகாரக் குறி, அடுத்து ன, அடுத்து புள்ளி. ஏகாரக் குறி த-வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் திரையில் முன்னால் வந்து நிற்கிறது. இந்த இடமாற்றத்தைப் பிரவுசர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் க-வும் உகரக் குறியும் சேர்ந்து ‘கு’ என்ற ஒரே வடிவமாக வேண்டும் என்ற விதி எழுத்துருக் கோப்புக்குள் இருக்கிறது. டு, மு, லு, து என்று உகரம் ஏறும்போது ஒவ்வொரு மெய்க்கும் வடிவம் வேறு வேறு மாதிரி ஆவதால், தமிழ் எழுத்துருவில் எழுத்துகளுக்குச் சமமாக இந்தச் சேர்க்கை விதிகளும் முக்கியம்.

கோப்பின் அளவைக் குறைப்பதற்குத் தேவையற்ற எழுத்துகளை வெட்டிவிடும் கருவிகள் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த கருவிகளும் அமைப்புகளும், எழுத்துகளை வைத்துக்கொண்டு சேர்க்கை விதிகளை வெட்டிவிடும். நான் ஒருமுறை அப்படி வெட்டிய கோப்பைப் போட்டபோது ‘குழித்துறை’ என்ற சொல்லில் க தனியாகவும், உகரக் குறி அதன் பக்கத்தில் முகம் தெரியாத விருந்தாளி மாதிரி ஒதுங்கியும் நின்றன. புள்ளிகள் எழுத்தின் தலைக்கு மேல் உட்காராமல் ஓரமாக நழுவியிருந்தன. வெட்டும் கருவியில் ‘லேஅவுட் ஃபீச்சர்ஸ்’ அல்லது ஓப்பன்டைப் விதிகள் என்று ஏதாவது தெரிவு இருந்தால், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும்படி குறிக்க வேண்டும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த எழுத்துருவைப் போட்டாலும் நம் ஊர்ப் பெயர்களை வைத்தே சோதிக்கிறேன். குழித்துறை என்ற ஒரே சொல்லில் கு, ழி, த், து, றை என்று ஐந்து சேர்க்கைகள் வந்துவிடுகின்றன. கொல்லங்கோடு இருபுறமும் குறி ஏந்தும் கொ, கோ இரண்டையும் சோதிக்கும். தூத்தூர் ஊகாரத்தின் வாலை எவ்வளவு கீழே இழுக்கிறது என்று காட்டும். வரிகளுக்கிடையே இடம் போதாவிட்டால் அந்த வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். தமிழுக்கு லைன்-ஹைட் 1.6-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. மண்டைக்காட்டில் டை, க், கா. கடைசியாக ஸ்ரீ. இதைத் தட்டுவதற்கு ஸகரத்தில் தொடங்கும் பழைய வழியும், ஶகரத்தில் தொடங்கும் யூனிகோடு பரிந்துரைக்கும் வழியும் என இரண்டு உண்டு. நல்ல எழுத்துருவில் இரண்டும் ஒரே வடிவத்தில் வரும். கோயில் பக்கங்கள் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடிமனுக்கு வருகிறேன். சாதாரண எழுத்துக்கு 400, தடித்த எழுத்துக்கு 700 என்பது மரபு. ஒவ்வொரு தடிமனுக்கும் தனிக் கோப்பு, தனி ஃபான்ட்-ஃபேஸ் விதி வேண்டும். குடும்பப் பெயர் மட்டும் ஒன்றே. 400-ஐ மட்டும் கொடுத்துவிட்டுத் தலைப்பைத் தடித்த எழுத்தில் கேட்டால், பிரவுசர் தானாகவே எழுத்தின் மேல் மை பூசித் தடிப்பாக்கும். ஆங்கிலத்தில் அது ஓரளவு தப்பிக்கும். தமிழில் ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது, பிரவுசர் தன் போக்கில் எழுத்தைச் சாய்த்துக் காட்டும். எனக்கு அது கடற்காற்றில் சாய்ந்த தென்னைபோலத் தெரியும். தமிழில் வலியுறுத்த வேண்டுமானால் தடிமனோ நிறமோ போதும். எல்லாத் தடிமனையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும் ‘வேரியபிள்’ எழுத்துருக்களும் இப்போது உண்டு. அனெக் தமிழ் அப்படிப்பட்டது. தடிமன் மூன்று நான்கு வேண்டியிருந்தால் அது லாபம். இரண்டே போதுமென்றால் தனித்தனிக் கோப்புகளே இலேசாக இருக்கலாம். இரண்டையும் எடை பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபான்ட்-டிஸ்ப்ளேயைப் பின்னால் பார்க்கலாம் என்றேன். எழுத்துரு இறங்கி முடியும் வரை பக்கத்தில் என்ன காட்டுவது என்பதுதான் அந்த வரியின் வேலை. ஒன்றும் எழுதாவிட்டால் பெரும்பாலான பிரவுசர்கள் 3 நொடி வரை எழுத்தையே மறைத்து வைக்கும். நாகர்கோவிலில் அந்த 3 நொடி தெரியாது. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் ஊசலாடும் இடத்தில் தேன் விலை பார்க்க நினைப்பவர் வெற்றுத் திரையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். ‘ஸ்வாப்’ என்று எழுதினால் மாற்று எழுத்துருவில் உரை உடனே வரும், நம்முடையது இறங்கியதும் இடம் மாறிக்கொள்ளும். மாறும் அந்தக் கணத்தில் வரிகள் ஒருமுறை குலுங்கும். குலுங்கட்டும், வெறுமையைவிட அது மேல். படிப்பதற்கான பக்கங்களில் நான் எப்போதும் ஸ்வாப்தான்.

தேன் கடைப் பக்கத்துக்கு இன்னொரு தேவை இருந்தது. களியக்காவிளை தாண்டி வரும் வாடிக்கையாளர்களுக்காகச் சில வரிகள் மலையாளத்திலும் வேண்டும் என்றார். இரு மொழியும் புழங்கும் மாவட்டத்தில் இது நியாயமான ஆசை. இதற்கு யூனிகோட்-ரேஞ்ச் என்று ஒரு வரி இருக்கிறது. இந்தக் கோப்பு இந்த எண்களுக்கு மட்டும் என்று எல்லை கட்டுவது அதன் வேலை. தமிழின் எல்லை 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, மலையாளத்தின் எல்லை 0டி00 முதல் 0டி7எஃப் வரை. ஒரே குடும்பப் பெயரில் இரண்டு விதிகள் எழுதி, ஒன்றில் தமிழ்க் கோப்பு, மற்றதில் மலையாளக் கோப்பு. பக்கத்தில் மலையாளம் ஓர் எழுத்துகூட இல்லாவிட்டால் பிரவுசர் அந்தக் கோப்பை இறக்கவே இறக்காது.

எல்லை கட்டும்போது ரூபாயை மறந்துவிட்டேன். விலைப்பட்டியலில் ₹ மட்டும் வேறு எழுத்துருவில், வேறு உயரத்தில் வந்தது. தமிழ் எல்லைக்குள் ௹ என்ற நம் பழைய ரூபாய்க் குறி இருக்கிறது. ஆனால் 2010-இல் ஏற்கப்பட்ட இந்திய ரூபாய்க் குறி அதற்கு வெளியே, 20பி9 என்ற இடத்தில் இருக்கிறது. அதையும் கமா போட்டு எல்லையில் சேர்க்க வேண்டும். எழுத்துரு 2010-க்கு முந்தையது என்றால் அதில் அந்தக் குறி இல்லாமலே போகலாம்.

கோப்பை நம் சர்வரில் வைக்காமல் கூகுள் ஃபான்ட்ஸ் போன்ற சேவையிலிருந்து ஒரே வரியில் இணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், 2010 முதல் அந்த வசதி இருக்கிறது, முதல் நாள் பழகுவதற்கு நல்லது. வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய எழுத்துரு நம் பக்கத்துக்கும் உதவும் என்று முன்பு சொல்வார்கள். 2020-இல் குரோம் ஒவ்வொரு தளத்தின் சேமிப்பையும் தனித்தனியாகப் பிரித்த பிறகு அந்தப் பேச்சு செல்லாது. நான் கோப்பை இறக்கி என் சர்வரிலேயே வைத்துவிடுகிறேன். இடையில் இன்னொருவர் எதற்கு?

ஆனால் கோப்பை வைக்க உரிமை வேண்டும். விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவுக்குக்கூட அச்சுக்கு ஓர் உரிமம், இணையத்துக்கு இன்னோர் உரிமம் என்று இருக்கும். லேபிளில் இருந்த எழுத்துரு அப்படிப்பட்டதுதான், அச்சுக்கு மட்டும் வாங்கியது. ஆகவே பெரியவரிடம் கட்டற்ற உரிமம் கொண்ட சிலவற்றைக் காட்டினேன்: முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கேட்டமரான். கடைசிப் பெயர் ஆங்கிலம்போல ஒலித்தாலும் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்தான். அதைச் சொன்னதும் மற்ற மூன்றையும் அவர் பார்க்கவே இல்லை.

என் மடிக்கணினியில் நிறுவியிருந்த எழுத்துருக்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அதன் பிறகே பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். நிறுவி வைத்திருந்தால் முதல் நாள் ஏமாந்ததுபோல மறுபடியும் ஏமாற வேண்டியதுதான். இப்போது அவர் கைபேசியிலும் என் மேசையிலும் ஒரே எழுத்து. மலையாள வரிகள் மட்டும் தமிழைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரிகின்றன என்று குறைப்பட்டார். அந்த விதிக்குள் சைஸ்-அட்ஜஸ்ட் என்று ஒரு வரி சேர்த்து 108 சதவீதம் வைத்திருக்கிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்.